விதைப்பந்தில் வந்த வெள்ளிக்காசு

ஒரு காட்டில் இடிந்துபோன கோட்டை ஒன்று இருந்தது, குழந்தைகளே. அதற்குள் ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. ஒரு பெருச்சாளிதான் குடியிருந்தது. அதன் பெயர் குழியாண்டி.

மழை பெய்து மண் கரையும்போதெல்லாம் கோட்டைச் சுவரின் அடியிலிருந்து பழைய வெள்ளிக்காசு ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கும். மற்ற விலங்குகள் முகர்ந்து பார்த்துவிட்டு, தின்ன முடியாது என்று தெரிந்ததும் போய்விடும். குழியாண்டி அப்படி இல்லை. காசைக் கவ்விக்கொண்டு வளைக்குள் ஓடும். மெல்லக் கடித்துப் பார்க்கும். கல்லின்மேல் போட்டு ஓசை கேட்கும். புளியம்பழத்தைத் தேய்த்துத் துலக்கி, எதிரே வைத்துக்கொண்டு நெடுநேரம் அழகு பார்க்கும்.

இதனால் வயிறு நிறையுமா என்று நீங்கள் கேட்பீர்கள். நிறையாது. ஆனாலும் சிலருக்கு இப்படி ஒரு பித்து உண்டு. உங்களில் சிலர் தபால்தலை சேர்க்கிறீர்களே, அதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காட்டில் குழியாண்டியின் பித்தைப் புரிந்துகொள்ள ஒருவரும் இல்லை. முயலிடம் காசைக் காட்டினால், இது எந்தச் செடியில் காய்த்தது என்று கேட்கும். காட்டுப்பன்றியிடம் காட்டினால் விழுங்கப் பார்க்கும். அதனால் குழியாண்டி காட்டுவதையே நிறுத்திவிட்டது.

ஆனால் ஆற்றுக்கு அக்கரையில், பாறை இடுக்கில், பாறையப்பன் என்று ஓர் உடும்பு இருந்தது. அதற்கும் இதே பித்துதான். வெள்ளம் வடிந்த மணலில் காசு தேடித் திரியும். கிடைத்ததை நாக்கை நீட்டித் தொட்டுப் பார்த்தே நல்ல வெள்ளியா, கலப்பு வெள்ளியா என்று சொல்லிவிடும்.

இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. ஆறு அகலமானது. அதில் முதலைகளும் இருந்தன. நல்லவேளையாக அந்தக் காட்டில் அஞ்சல் இருந்தது. வெள்ளையம்மா என்ற நத்தைகொத்தி நாரை ஆற்றுக்கு மேலே பறந்து போய்வரும். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொல்லும். உரியவரைத் தவிர வேறு யாரிடமும் மூச்சுவிடாது. அதுதான் அதன் குணம்.

"யானை முத்திரை போட்ட காசு ஒன்று இன்று கிடைத்தது" என்று குழியாண்டி சொல்லி அனுப்பும்.

"யானையின் தும்பிக்கை மேலே தூக்கியிருக்கிறதா, கீழே தொங்குகிறதா? நன்றாகப் பார்த்துச் சொல்லு தம்பி" என்று பாறையப்பனிடமிருந்து பதில் வரும்.

குழியாண்டி உடனே வளைக்குள் ஓடிப் பார்க்கும். தும்பிக்கை மேலே தூக்கியிருந்தால் அன்று முழுவதும் அதற்குக் கால் தரையில் நிற்காது. இப்படியே பல மழைக்காலங்கள் போயின. செய்தி வரும் நாளில் காலையிலிருந்தே குழியாண்டி வாசலில் வந்து உட்கார்ந்துவிடும். உண்மையில், காசைவிட இந்தப் பேச்சுதான் அதற்குப் பெரிய சொத்தாக இருந்தது. அது மட்டும் அப்போதே அதற்குத் தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

செய்தி அனுப்புவது சுலபம். வெள்ளியை அனுப்புவதுதான் பெரும்பாடு.

காட்டு அஞ்சல் ஒரு பெரிய இலுப்பை மரத்தடியில் நடந்தது. அதற்குத் தலைவர் கரடியார். அவருக்குச் சட்டம்தான் அப்பா, அம்மா எல்லாம். எந்தப் பொட்டலமானாலும் மேலே ஒரு தேக்கிலையைக் கட்டி, உள்ளே இருப்பது என்ன என்று நகத்தால் கீறி எழுத வேண்டும். பழம் என்றால் பழம், கிழங்கு என்றால் கிழங்கு. அதோடு சரி. வெள்ளி என்று எழுதிவிட்டால்தான் வம்பு ஆரம்பிக்கும்.

வெள்ளிக்குக் கட்டணம் ஒரு முழுத் தேனடை. நாரை அதைத் தூக்கிப் பறக்கும்போது காவலுக்குக் கழுகு கூடவே பறக்க வேண்டும். பொட்டலம் வந்து சேர்ந்த பிறகும் சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். உரியவர் நேரில் வந்து, ஈர மண்ணில் கால்தடம் பதித்துக் காட்ட வேண்டும். பிறகு அத்தனை பேர் பார்க்க, பாறைமேல் வைத்துப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும். நாளைக்கு யாரும் அஞ்சல்காரர்கள்மேல் பழி சொல்லக் கூடாது அல்லவா? அதற்காகத்தான்.

ஒருமுறை பாறையப்பன் ஒரே ஒரு காசைச் சட்டப்படி வெள்ளி என்று எழுதி அனுப்பியது. குழியாண்டி அதை வாங்குவதற்குப் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

முதலில் போனபோது பொட்டலம் அக்கரையிலேயே கிடந்தது. கழுகுக்குச் சளி பிடித்திருக்கிறதாம். அடுத்தமுறை போனபோது பொட்டலம் வந்திருந்தது. கரடியார் சாப்பிடப் போயிருந்தார். மறுநாள் போனால், சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த நாள் விழித்திருந்தார். ஆனால் குழியாண்டியின் கால்தடம் ஒத்துப்போகவில்லை. மண்ணைத் தோண்டித் தோண்டி நகம் தேய்ந்துபோயிருந்தது.

"நான்தானே ஐயா, பார்த்தால் தெரியவில்லையா?" என்று கேட்டது குழியாண்டி.

"தெரிகிறது. ஆனால் நகம் வளர்ந்ததும் வாரும்" என்றார் கரடியார்.

நகம் வளரும்வரை குழியாண்டி தோண்டாமல் கிடந்தது. பெருச்சாளிக்குத் தோண்டாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. கடைசியில் தடம் ஒத்துப்போய், பாறைமேல் பொட்டலத்தைப் பிரித்தபோது, மேலே கிளையில் காக்கை உட்கார்ந்திருந்தது. காக்கை பார்த்துவிட்டால் காடே பார்த்த மாதிரிதான். மறுநாளே குரங்குகள் கூட்டமாக வந்து கோட்டையைப் புரட்டிப் போட்டன. வளையின் வாசலை இடித்துத் தள்ளின. காசு எதுவும் அவற்றின் கைக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அன்றோடு குழியாண்டியின் நிம்மதி போய்விட்டது. சருகு அசைந்தாலும் திடுக்கிட்டு எழுந்து காசுகளைத் தடவிப் பார்க்கும்.

இதுவரைக்கும் குழியாண்டிமேல் ஒரு குற்றமும் இல்லை, குழந்தைகளே. பாவம், அது பட்டதெல்லாம் வீண் அலைச்சல்தான்.

அடுத்த மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே கோட்டைச் சுவர் ஒன்று சரிந்தது. சரிந்த மண்ணிலிருந்து குழியாண்டிக்கு ஒரு வெள்ளிப் பாளம் கிடைத்தது. காசாக அடிக்கப்படாத முழு வெள்ளி. செங்கல்லில் பாதி அளவு இருக்கும். இழுத்து வளைக்குள் கொண்டுவருவதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிட்டது.

செய்தி அக்கரைக்குப் போனது. பாறையப்பனிடமிருந்து வந்த பதிலை வெள்ளையம்மா அப்படியே சொன்னது:

"தம்பி, எத்தனையோ காசு பார்த்துவிட்டேன். பாளத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. என்னிடம் மீன் முத்திரைக் காசு ஒரு கைப்பிடி இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் சேர்த்தது. அவ்வளவையும் உனக்குத் தருகிறேன். பாளத்தை எனக்குத் தருவாயா? முதலில் நானே அனுப்புகிறேன். உன் கைக்கு வந்த பிறகு நீ அனுப்பினால் போதும்."

மீன் முத்திரை என்றதும் குழியாண்டிக்கு நாக்கில் நீர் ஊறியது. கோட்டைப் பக்கம் யானைதான் கிடைக்கும், மீன் கிடைக்கவே கிடைக்காது. சம்மதம் என்று சொல்ல வாயெடுத்தது. அப்போதுதான் அஞ்சலின் நினைவு வந்தது. தேனடை, கழுகு, கால்தடம், காக்கை, குரங்கு எல்லாம் வரிசையாக மனத்தில் வந்து நின்றன. ஒரு காசுக்கே அந்தக் கூத்து என்றால் ஒரு கைப்பிடிக் காசுக்கு என்ன நடக்கும்?

குழியாண்டி யோசித்தது. வாலைச் சுருட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு யோசித்தது. ஒரு தந்திரம் தோன்றியது.

அந்தக் காட்டில் விதைக்கு மட்டும் தனி மரியாதை. விதைதானே நாளைய காடு. அதனால் கட்டணம் கிடையாது, காவல் கிடையாது, பிரித்துக் காட்டச் சொல்வதும் கிடையாது. களிமண்ணை உருட்டி, நடுவில் விதையை வைத்து, நிழலில் காயவைத்து விதைப்பந்தாக அனுப்புவார்கள். விதை என்று இலையில் எழுதினால் போதும், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

"நாரையக்கா, அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்" என்றது குழியாண்டி. "ஒவ்வொரு காசையும் களிமண்ணுக்குள் வைத்து உருட்டிவிடச் சொல்லுங்கள். குலுக்கினாலும் சத்தம் வராது. மேலே இலையில் விதை என்று எழுதிவிடட்டும்."

வெள்ளையம்மா அலகைத் திறந்தபடி குழியாண்டியையே பார்த்தது. "மழை வந்தால் விதைப்பந்தை என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியுமல்லவா, தம்பி?"

"மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் நான் வாங்கிவிடுவேன்."

"நான் சுமப்பவள். சொன்னதைச் சொல்வேன், கொடுத்ததைக் கொண்டுவருவேன். இலையில் எழுதுவது உங்கள் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு நாரை பறந்துபோனது.

பாறையப்பனுக்கு இது பிடிக்கவில்லை. வெள்ளியை வெள்ளி என்றே எழுதி அனுப்புகிறேன், தேனடையும் நானே கொடுத்துவிடுகிறேன், அலைச்சலைப் பொறுத்துக்கொள் என்று பதில் சொல்லி அனுப்பியது. நாம் சொல்வதை நாலு பேர் நம்புவது இந்த இலையை வைத்துத்தான் என்றும் சொன்னது.

குழியாண்டிக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. தன் தந்திரத்தைப் பாராட்டாமல் அண்ணன் புத்தி சொல்கிறாரே என்று நினைத்தது. "என்மேல் நம்பிக்கை இருந்தால் நான் சொன்னபடி அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பியது.

நம்பிக்கை என்று ஒருவர் சொல்லிவிட்டால் நல்லவர்களால் மறுக்க முடிவதில்லை. பாறையப்பன் களிமண்ணைப் பிசைந்தது. ஒவ்வொரு காசையும் கடைசியாக ஒருமுறை நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு, மண்ணுக்குள் வைத்து உருட்டியது. இலையில் விதை என்று கீறியது. அது தன் வாழ்நாளில் எழுதிய முதல் பொய் அதுதான்.

ஒருநாள் காலையில் வெள்ளையம்மா கோட்டை வாசலில் வந்து இறங்கியது. பொட்டலத்தை மரத்தடியில் சேர்த்துவிட்டதாகவும், வானம் கறுத்து வருவதால் உடனே போய் வாங்கிக்கொள்ளும்படியும் சொன்னது. சொல்லிவிட்டு, மழைக்குமுன் ஆற்றைத் தாண்டிவிட வேண்டும் என்று அக்கரைக்குப் பறந்துவிட்டது.

குழியாண்டி ஓடியது. மரத்தடியில் அன்று பெரிய வரிசை. விதைக்கும் காலம் வந்துவிட்டதால் எல்லா விலங்குகளும் தங்கள் விதையை வாங்க வந்திருந்தன. குழியாண்டிக்கு முன்னால் முயல் நின்றது, மான் நின்றது, முள்ளம்பன்றி நின்றது. பின்னால் யார் தெரியுமா? காக்கை.

வரிசை நகர்ந்தது. முயலுக்குக் கிடைத்தது, மானுக்கும் கிடைத்தது. முள்ளம்பன்றி முடித்துக்கொண்டு நகரும் நேரத்தில் கரடியார் எழுந்து சாப்பிடப் போய்விட்டார். குழியாண்டி வானத்தைப் பார்த்தபடி நின்றது. மேகம் கோட்டைக்குமேல் வந்துவிட்டது. கரடியார் வாயைத் துடைத்துக்கொண்டு நிதானமாகத் திரும்பி வந்தார்.

"என்ன பொட்டலம்?"

"விதை" என்றது குழியாண்டி. "அக்கரை உடும்பு அனுப்பியது."

கரடியார் உள்ளே போய்த் தேடிவிட்டு வந்தார். "விதைப்பந்தா? அதெல்லாம் இப்போதுதான் ஆற்றோர மேட்டுக்குப் போனது. மழைமேகம் திரண்டால் மிச்சமிருக்கிற விதைப்பந்தை எல்லாம் குரங்குகளிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். முதல் துளி விழுந்ததும் அவை வீசிவிடும்."

குழியாண்டி மேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தது. "என் பொட்டலத்தை மட்டும் திருப்பித் தர முடியாதா ஐயா?"

"விதையை ஏன் திருப்பிக் கேட்கிறீர்? நீர் விதைத்தாலும் மண்ணில்தான், குரங்கு விதைத்தாலும் மண்ணில்தான்." கரடியார் கொஞ்சம் முன்னால் குனிந்தார். "உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதென்றால் சொல்லும். இப்போதே ஆளை அனுப்பி நிறுத்துகிறேன்."

குழந்தைகளே, கதை முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. வெள்ளி என்று அது ஒரு வார்த்தை சொன்னால் போதும். இலையில் பொய் எழுதியதற்கு இரண்டு தேனடை அபராதம் கட்ட வேண்டியிருக்கும். எல்லோர் முன்னாலும் பெயரைச் சொல்லிக் கண்டிப்பார்கள். அவ்வளவுதான். பொட்டலம் கைக்கு வந்துவிடும்.

குழியாண்டி வாயைத் திறந்தது. பின்னால் காக்கை தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தது. குழியாண்டி வாயை மூடிக்கொண்டது.

"வேறு ஒன்றும் இல்லை. விதைதான்" என்றது.

முதல் துளி விழுந்தது.

குழியாண்டி மேட்டை நோக்கி ஓடியது. அங்கே குரங்குகள் கும்மாளம் போட்டுக்கொண்டு விதைப்பந்துகளை நாலா பக்கமும் வீசிக்கொண்டிருந்தன. யார் பொட்டலம், எவர் பொட்டலம் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்திருந்தன. ஒரு குரங்கு கையில் ஒரு பந்தை எடுத்து எடை பார்த்தது.

"இந்தப் பந்துகள் நல்ல கனம். வெகுதூரம் போகின்றன" என்று மற்றவற்றிடம் சொல்லிவிட்டு, கையை ஓங்கி ஆற்றுப் பக்கம் வீசியது. மற்றக் குரங்குகளும் கனமான பந்துகளைத் தேடித் தேடி எடுத்து, யார் வீசுவது அதிக தூரம் போகிறது என்று போட்டி போட்டன. வெள்ளத்தில் விழுந்த சத்தம் மட்டும் குழியாண்டிக்குக் கேட்டது.

அதன்பிறகு அது தோண்டாத இடம் இல்லை. மேட்டைச் சுற்றித் தோண்டியது, ஆற்றோரம் முழுவதும் தோண்டியது. கிடைத்ததெல்லாம் அப்போதுதான் வெடித்து வெள்ளையாக முளைவிட்ட புங்கை விதைகள்தான். ஒரு மீன் முத்திரைகூட அதன் கண்ணில் படவில்லை.

மழை விட்டதும் வெள்ளையம்மா வந்தது. பாறையப்பன் சொன்னதைச் சொன்னது: "காசு பிடித்திருக்கிறதா தம்பி? அதில் ஒரு மீனுக்கு மட்டும் கண் சற்றுப் பெரிதாக இருக்கும். கவனித்தாயா? பாளத்துக்கு அவசரம் இல்லை. உனக்கு எப்போது முடியுமோ அப்போது அனுப்பு."

இதைக் கேட்டுக் குழியாண்டி கூனிக் குறுகிப்போனது. நடந்ததைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தது. சொன்னால் தன் முட்டாள்தனம் வெளியே தெரியும். அதுமட்டுமா, அண்ணன் தன் பங்கை அனுப்பிவிட்டார், இனிப் பாளத்தைக் கொடுத்தாக வேண்டும். காசும் போய், பாளமும் போவதா? குழியாண்டி வளைக்குள் திரும்பிப் பார்த்தது. பாளம் இருட்டிலும் மினுங்கியது.

வெள்ளி ஒருவரைத் திருடனாக்குவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்வதில்லை.

"பொட்டலம் என் கைக்கு வரவில்லை என்று சொல்லுங்கள்" என்றது. அதோடு நிறுத்தியிருந்தால்கூட அது உண்மைதான். நிறுத்தவில்லை. "பந்துக்குள் காசைத்தான் வைத்தாரா, வெறும் விதையைத்தான் வைத்தாரா, யார் கண்டது என்றும் சொல்லுங்கள்."

வெள்ளையம்மா இறக்கையை மடக்கிக்கொண்டு நின்றது. "இதை அப்படியே சொல்லட்டுமா?"

"அப்படியே சொல்லுங்கள்."

"இன்னொருமுறை யோசித்துச் சொல்லு தம்பி. நான் சொல்லிவிட்டால் சொன்னதுதான்."

குழியாண்டி வளைக்குள் போய்விட்டது. நாரை அக்கரைக்குப் பறந்துபோய், ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னது.

பாறையப்பன் வெயிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டது. நாக்கை ஒருமுறை வெளியே நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு பாறை இடுக்குக்குள் போய்விட்டது.

அடுத்தமுறை வெள்ளையம்மா கோட்டைப் பக்கம் வந்தபோது குழியாண்டி வாசலில் உட்கார்ந்திருந்தது. அக்கரையிலிருந்து ஏதாவது செய்தி உண்டா என்று கேட்டது. இல்லை என்றது நாரை. அதற்கடுத்த முறையும் இல்லை. குழியாண்டிக்கு முதலில் ஆறுதலாகத்தான் இருந்தது. சண்டை இல்லை, கேள்வி இல்லை, பாளமும் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டது.

பிறகு ஒருநாள் சுவரடியில் யானை முத்திரைக் காசு ஒன்று கிடைத்தது. இதுவரை பார்க்காத வகை. யானையின் முதுகில் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. குழியாண்டி துள்ளிக் குதித்து வெளியே ஓடிவந்தது. "நாரையக்கா" என்று கூப்பிட வாயெடுத்து, அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பறவையைப் பற்றிக் கேட்பதற்கு உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவரிடம்தான் அது அப்படிப் பேசியிருந்தது.

அன்று குழியாண்டி சாப்பிடவில்லை. காசைக் கடித்துப் பார்க்கவும் இல்லை, கல்லில் போட்டு ஓசை கேட்கவும் இல்லை. வளைக்குள் இருந்த அத்தனை வெள்ளியும் வெறும் ஓட்டாஞ்சில்லு மாதிரி தோன்றியது.

அதற்குப் பிறகு செய்த ஒன்றுக்காக நாம் குழியாண்டியைப் பாராட்டத்தான் வேண்டும். அது தேனடை தேடிப் போனது. தேனீக்கள் கொட்டி முகம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியது. அப்படியும் விடாமல், அபராதத்துக்கு இரண்டு, கட்டணத்துக்கு ஒன்று என்று மூன்று தேனடைகளை எடுத்துக்கொண்டு இலுப்பை மரத்தடிக்கு வந்தது. காக்கையும் குரங்கும் கேட்க, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னது. அவை சிரித்தன. சிரிக்கட்டும் என்று நின்றது.

கரடியார் சிரிக்கவில்லை. "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே ஐயா" என்று மட்டும் சொன்னார்.

குழியாண்டி பாளத்தைத் துணிபோல் மெல்லிய மரப்பட்டையில் சுற்றியது. மேலே தேக்கிலையைக் கட்டி, வெள்ளி என்று ஆழமாகக் கீறியது. கழுகு வரும்வரை அங்கேயே காத்துக் கிடந்தது. வெள்ளையம்மாவிடம் பாளத்தோடு ஒரு செய்தியும் கொடுத்தது: "தவறு முழுவதும் என்னுடையது. பாளம் உங்களுடையது. பதிலுக்கு எனக்கு ஒன்றும் வேண்டாம். பழையபடி என்னோடு பேசினால் போதும்."

நாரையும் கழுகும் ஆற்றுக்குமேல் சிறிதாகி மறைவதைப் பார்த்துக்கொண்டே நின்றது. மனசு கொஞ்சம் லேசானது போல இருந்தது.

அவை கோட்டை வாசலுக்குத் திரும்பி வந்தபோது நாரையின் அலகில் பொட்டலம் அப்படியே இருந்தது. கட்டுக்கூட அவிழ்க்கப்படவில்லை.

"அவர் வாங்கவில்லை" என்றது வெள்ளையம்மா.

"என் செய்தியைச் சொன்னீர்களா அக்கா?"

"சொன்னேன். கேட்டுக்கொண்டார்."

"உள்ளே பாளம்தான் இருக்கிறது என்று சொன்னீர்களா?"

"வெள்ளி என்று இலையில் எழுதியிருக்கிறது, பாருங்கள் என்று காட்டினேன்." நாரை சற்றுத் தயங்கியது. தயங்கினாலும், சொல்ல வேண்டியதைக் குறைக்கும் வழக்கம் அதற்கு இல்லை. "இலையில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று தம்பிதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தான் என்றார்."

குழியாண்டி தலையைக் குனிந்துகொண்டது. "கோபமாகச் சொன்னாரா?" என்று கேட்டது.

"கோபம் இல்லை தம்பி. கோபமாக இருந்திருந்தால் நான் இன்னொருமுறை போய்க் கேட்டுப் பார்த்திருப்பேன்."

வெள்ளையம்மா பொட்டலத்தை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, வேறு யாருக்கோ செய்தி கொண்டுபோகப் பறந்துவிட்டது. குழியாண்டி பாளத்தை மெதுவாக வளைக்குள் இழுத்துப்போய், ஒரு மூலையில் வைத்தது. அதற்குமேல் மண்ணைத் தள்ளி மூடியது.

நீதி: தன் வசதிக்காகப் பொய் சொல்லிப் பழகியவன் ஒருநாள் உண்மையைச் சொல்லும்போது, அதை நம்புவதற்கு அவனுக்கு வேண்டியவர்கள்கூட இருக்க மாட்டார்கள்.